அடுத்த தபால் பெட்டி வரை

ரேலீன் ஸ்டப்ஸுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. முப்பத்தோரு வருடமாகச் சைக்கிளில் தபால் கொண்டுவருகிறவளைப் பற்றி இப்படிச் சொல்கிறேனே என்று என் மேல் பாய வேண்டாம். அவளுக்கு நிறுத்தத்தான் தெரியும். பதினைந்து மீட்டர் போவாள், இடது கால் புல்லில் ஊன்றும், கை கடிதத்தைப் பெட்டிக்குள் செருகும், மறுபடி பதினைந்து மீட்டர். எங்கள் ஊரான பெலிக்கன் பெண்ட்டில் அறுநூற்றுச் சொச்சம் வீடுகள். ஒரு நாளைக்கு அறுநூறு தடவை நிறுத்தி அறுநூறு தடவை கிளம்புகிற காலுக்கு, நிற்காமல் போவது என்று ஒன்று உண்டு என்பதே மறந்துவிட்டது.

விடுமுறை நாளிலும் இதே கதைதான். ரொட்டி வாங்கச் சைக்கிளில் போனாலும் ஒவ்வொரு வீட்டுத் தபால் பெட்டிக்கும் பிரேக் பிடிப்பாள். அவள் கணவன் கோலின் கார் சாவியை அவளிடம் கொடுப்பதில்லை. காரிலும் அப்படித்தான் ஓட்டுகிறாளாம்.

நான் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன், அதனால் எனக்கு ‘ஆணி’ என்று பெயர். அம்மா வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் என் கடை தெரியாது.

வசந்தம் வந்துவிட்டது என்பதை நான் பூவைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை, வயர் கட்டும் பிளாஸ்டிக் கேபிள் டை விற்றுத் தீர்வதைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். எங்கள் தென்கோளத்தில் வசந்தம் தொடங்கும் ஆகஸ்ட் கடைசியில் மாக்பை என்னும் கறுப்பு வெள்ளைப் பறவைகள் கூடு கட்டி உட்கார்ந்துவிட்டால் கீழே போகிறவன் மண்டை தப்பாது. பின்னாலிருந்து சத்தமில்லாமல் வந்து கொத்தும். ஹெல்மெட் ஓட்டைகளில் கேபிள் டைகளைக் கட்டி, நுனியை வெட்டாமல் முள் முள்ளாக விட்டால் கொஞ்சம் தயங்கும். அந்த இரண்டு மாதமும் சைக்கிளில் போகிற எல்லோரும் முள்ளம்பன்றிகளாகத்தான் திரிவோம்.

மார்லி தெரு பதினான்காம் எண் வீட்டு வாசலில் ஒரு யூகலிப்டஸ் மரம். அதில் குடியிருக்கும் மாக்பைக்கு நாங்கள் ‘சார்ஜன்ட்’ என்று பெயர் வைத்திருந்தோம். மாக்பை முகத்தை மறக்காது. சார்ஜன்ட்டுக்கு ஊரில் ஒரே ஒரு எதிரிதான், ரேலீன். மற்றவர்கள் அந்த மரத்தடியில் பாய் விரித்துப் படுக்கலாம். ரேலீன் தெருமுனையில் திரும்பினாலே போதும், தொண்டையைச் செருமிக்கொண்டு கிளையை விட்டு எழும்பும்.

அந்தப் பதினான்காம் எண் வீட்டில் இருந்தவன் ஜாரட் கீயோ. ராணுவத்தில் கார்ப்பரலாக இருந்தவன். ஆப்கானிஸ்தானில் சாலையோரக் குண்டில் அவன் வந்த வண்டி சிக்கியது. இடது கால் தொடையோடு போனது, வலது கால் இருக்கிறது என்று பேருக்குச் சொல்லலாம். நான்கு வருடம் முன்பு அம்மா நோலாவின் வீட்டுக்குத் திரும்பி வந்தான். வந்தான் என்று ஊருக்குத் தெரியுமே தவிர, வாசலில் அவனைப் பார்த்தவர்கள் இல்லை. வயது முப்பத்துநான்கு. ஊர் ஃபுட்பால் அணிக்கு ஓடி ஓடிக் கோல் போட்டவன் பகலிலும் திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது, உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். மாதம் ஒருமுறை ஜாரட்டுக்கு ஒரு நீல உறை வரும். சாய்வான கையெழுத்து, பின்பக்கம் ஹார்ட்வெல் என்ற ஊரின் முகவரி. ரேலீன் அதைப் பெட்டியில் போடுவாள். மறுநாள் அதே உறை பிரிக்கப்படாமல் பெட்டியின் மேல் இருக்கும், ‘அனுப்பியவருக்கே திருப்பவும்’ என்று குறுக்கே எழுதி. அப்படி நாற்பத்தொரு கடிதம் கொண்டுபோய்க் கொடுத்து, நாற்பத்தொன்றையும் திரும்ப எடுத்து வந்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. வாய் ஓயாமல் பேசுகிறவள்தான், ஆனால் பைக்குள் இருக்கும் விஷயத்தைப் பற்றி அவளிடமிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியாது.

போன ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை சார்ஜன்ட் கொத்திய கொத்தில் ரேலீன் பதினான்காம் எண் வாசலில் சைக்கிளோடு சாய்ந்தாள். கடிதங்கள் புல்லெல்லாம் சிதறின. பறவை விடவில்லை, சுற்றிச் சுற்றி வந்து இறங்கியது. அப்போது கதவு திறந்தது. ஒரு கையில் ஊன்றுகோல், தலையில் கவிழ்த்த துணிக்கூடை, ஜாரட் வெளியே வந்தான்.

“தலையத் தூக்காதீங்க! அப்படியே நகருங்க!”

“நகர்றதுக்கு முட்டி வேணும்ல, கண்ணு. அது மடங்கிக் கெடக்கு.”

“எனக்கு முட்டியே இல்ல, நானே வந்துட்டேன். வாங்க.”

இருவரும் ஒரே துணிக்கூடைக்குள் தலையை விட்டுக்கொண்டு ஷெட்டுக்குள் நொண்டி ஓடிய காட்சியை நோலா சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன் என்று என்னிடம் சொன்னாள்.

ஷெட்டுக்குள் தார்ப்பாய் போட்டு மூடி ஏதோ கிடந்தது. ரேலீனுக்கு மூடியிருப்பதைத் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது, உறைகள் மட்டும்தான் விலக்கு. தூக்கிப் பார்த்தாள். மூன்று சக்கரம், தரையோடு தரையாகத் தாழ்ந்த இருக்கை, நெஞ்சுக்கு நேரே கையால் சுற்றும் மிதி. கைச்சைக்கிள். காயம்பட்ட வீரர்களுக்கான சங்கம் கொடுத்தது.

“ஓட்டலையா?”

“எங்க போறதுக்கு?”

இந்தக் கேள்விக்குப் பதிலை அவள் மறுநாள் கொண்டுவந்தாள். அந்தச் சங்கத்துக்காக வருடாவருடம் ஒரு சைக்கிள் பயணம் நடக்கும், எங்கள் ஊரில் கிளம்பி ஹார்ட்வெல் படைவீரர் கிளப்பில் முடியும், எண்பத்துநான்கு கிலோமீட்டர். அதன் துண்டறிக்கையை ஜாரட் வீட்டுப் பெட்டியில் போட்டாள். பெட்டியில் ‘விளம்பரத் தாள் போடாதீர்’ என்று எழுதியிருக்கிறது. முப்பத்தோரு வருடத்தில் அந்த வாசகத்தை அவள் மீறியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அது பெட்டியின் மேல் இருந்தது, ‘அனுப்பியவருக்கே திருப்பவும்’. மறுபடி போட்டாள். மறுபடி திரும்பியது. மூன்றாம் நாள் துண்டறிக்கையின் ஓரத்தில் இன்னொரு வரி சேர்ந்திருந்தது: ‘நீங்க வந்தா நானும் வர்றேன்.’ அறுபத்தோரு வயது, வீங்கிய முட்டி, இந்தக் கிழவி எங்கே வரப்போகிறாள் என்ற தைரியம் அவனுக்கு.

அன்று மத்தியானமே ரேலீன் என் கடைக்கு வந்தாள்.

“ஆணி, கேபிள் டை இருபது. பெரிய சைஸ்.”

“எதுக்குடீ இருபது? தலையில வேலி போடப் போறியா?”

“ஹார்ட்வெல் போறேன். சைக்கிள்ல.”

நான் சிரித்த சிரிப்பில் கல்லாப்பெட்டி மேல் இருந்த டீ கொட்டியது. அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் வீண் வாய் கொடுத்துவிட்டேன்.

“நீ நெசமாவே கெளம்பினா, பின்தங்குறவங்கள ஏத்துற கடைசி வேன நானே ஓட்டிட்டு உன் பின்னாடி வர்றேன்.”

“ஆரஞ்சு வெட்டி எடுத்துட்டு வா,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்து வாரம் ஆற்றங்கரைச் சாலையில் பயிற்சி. முதல் நாள் ரேலீன் முன்னால், ஜாரட் பின்னால். முதல் தபால் பெட்டி வந்ததும் அவள் பிரேக் பிடித்தாள், அவன் போய் மோதினான். இரண்டாவது பெட்டியிலும் மோதினான். மூன்றாவதில் அவன் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை நான் எழுத மாட்டேன், என் மனைவி படிப்பாள்.

“அந்த வீட்டுக்கு லெட்டர் இருக்கா?” என்று கத்தினான்.

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு நிக்கிறீங்க?”

“நான் நிக்கல, கண்ணு. கால்தான் நிக்குது.”

சரி என்று ஜாரட்டை முன்னால் விட்டோம். அவன் வண்டிக்குப் பின்னால் உயரமான கம்பில் மஞ்சள் கொடி கட்டிக் கொடுத்தேன், லாரிக்காரன் கண்ணில் படுவதற்கு. பெட்டியைப் பார்க்காதே, கொடியைப் பார் என்று அவளுக்குச் சொன்னேன். அப்போதும் ஒவ்வொரு பெட்டியிலும் வேகம் குறையும், பிறகு பிடிப்பதற்குள் மூச்சு வாங்கும். ஜாரட் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். நான்கு வருடம் சிரிக்காமல் இருந்தவன், அவள் தடுமாறுவதைப் பார்த்துச் சிரித்தான். அவளும் கொஞ்சம் வேண்டுமென்றே தடுமாறினாள் என்பது என் சந்தேகம்.

மூன்றாவது வாரம் படகுத்துறைப் பக்கம் டீ குடிக்க நிறுத்தினோம். தெர்மாஸோடு நானும் அங்கேதான் இருந்தேன். நான் ஒருத்தன் இருப்பது தெரியாதது போல இருவரும் பேசினார்கள், எனக்கு அது பழக்கம்.

“முடியுற எடம் ஹார்ட்வெல் தான?” என்றான் ஜாரட்.

“ஆமா.”

“அங்க குள்ளன் இருக்கான்.”

குள்ளனின் பெயர் பிராடி வாஸ். உயரம் ஆறடி நாலங்குலம், அதனால்தான் குள்ளன். சிவப்புத் தலைமுடிக்காரனை ‘நீலம்’ என்று கூப்பிடுகிற ஜனங்கள் நாங்கள்.

“வண்டி வெடிச்சப்ப என்னை வெளிய இழுத்துப் போட்டது அவன்தான். ஆஸ்பத்திரிக்குப் பாக்க வந்தான். எதுக்குடா இழுத்த, அப்படியே விட்டிருக்கலாம்லனு கத்தினேன். வார்டு முழுக்கக் கேட்டுச்சு. தொப்பியக் கையில வச்சுட்டு நின்னான். அப்புறம் போயிட்டான்.”

“இப்பவும் அப்படித்தான் தோணுதா?”

“இல்ல.” கோப்பையில் மிச்சமிருந்த டீயைப் புல்லில் கொட்டினான். “கொஞ்ச நாளா இல்ல. அதான் பிரச்சனையே. இப்பவும் அப்படித் தோணிச்சுன்னா அவன் மூஞ்சியில முழிக்க வேண்டியதில்ல.”

“அவன்கிட்ட சொல்லிடு.”

“நாலு வருஷம் கழிச்சுப் போயி என்னன்னு சொல்றது? வாயத் தெறந்தா வருமா?”

ரேலீனின் முகம் சிவந்து போனது. வெயில் என்று நினைத்தேன். நாற்பத்தொரு நீல உறையையும் சுமந்தவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று எனக்கு என்ன தெரியும்? எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அந்தக் கிளப் வாசல் வரை போய்ச் சேர்ந்தால்தான் அவனுக்கு விடிவு. வழியில் திரும்பினால், தார்ப்பாயும் திரைச்சீலையும் மறுபடி விழும், அப்புறம் யார் துண்டறிக்கை போட்டாலும் எழாது.

செப்டம்பர் கடைசி ஞாயிறு, காலை ஒன்பது மணி. நகரத்திலிருந்து வந்த அறுபது பேர், உடம்போடு ஒட்டிய பளபளப்புச் சட்டையும் அரைக்கால் நிஜாரும் போட்டு நின்றார்கள். அந்தத் துணியில் ஒன்றும் ஒளிக்க முடியாது, பாவம், தொப்பை உட்பட. ரேலீன் தபால் வேலைக்குப் போடும் ஆரஞ்சு நிறச் சட்டையிலேயே வந்திருந்தாள். ஹெல்மெட்டில் இருபது கேபிள் டை.

“இந்த ஆன்டெனாவுக்கு எந்தக் கோள்லேர்ந்து செய்தி வருது?” என்று ஜாரட் கேட்டான்.

“சார்ஜன்ட்டோட சொந்தக்காரங்க வழியெல்லாம் இருக்காங்க. நக்கல் பண்ணாம ஓட்டு.”

சொந்தக்காரர்கள் இருக்கத்தான் செய்தார்கள். முதல் இருபது கிலோமீட்டரில் நான்கு மாக்பை இறங்கின. அறுபது பேரை விட்டுவிட்டு நான்கும் ரேலீனைத்தான் கொத்தின. ஆரஞ்சுச் சட்டைக்காரியைப் பற்றி ஆற்றங்கரை முழுக்கச் சொல்லி வைத்திருக்கும் போல.

பளபளப்புச் சட்டைக்காரர்கள் அரை மணியில் கண்ணிலிருந்து மறைந்தார்கள். பின்னால் மிச்சம் ஒரு மஞ்சள் கொடி, ஒரு ஆரஞ்சுச் சட்டை, அவர்களுக்குப் பின்னால் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் நான். வேனில் பம்ப்பு, வெட்டிய ஆரஞ்சு, என் மனைவி கட்டித் தந்த வெஜிமைட் தடவிய சாண்ட்விச், இரண்டு கிலோ பாம்பு வடிவ ஜெல்லி மிட்டாய். அந்த மிட்டாயில் பாதியை நானே தின்றேன், அவ்வளவு மெதுவாகப் போனோம்.

கோதுமை வயல்களுக்கு நடுவே போனால் பெட்டிகள் குறையும், ரேலீன் ஒழுங்காக ஓட்டுவாள் என்று கணக்குப் போட்டிருந்தேன். அங்கே ஒவ்வொரு பண்ணை வாசலிலும் ஒரு விநோதம் நின்றது. பழைய பால் கேன், மைக்ரோவேவ் அடுப்பு, ஒரு இடத்தில் கதவோடு முழு ஃபிரிட்ஜ். விவசாயி கையில் எது உடைந்ததோ அது தபால் பெட்டி.

“ஃபிரிட்ஜுக்குமா நிக்கணும்?” ஜாரட் முன்னாலிருந்து கத்தினான்.

“எண் போட்டிருக்கே!”

மதியம் வழியில் இருந்த பேக்கரியில் இறைச்சி அடைத்துச் சுட்ட மாவுப் பண்டம் ஆளுக்கு ஒன்று வாங்கி, தக்காளி சாஸை மேலே பீய்ச்சித் தின்றோம். அதற்கப்புறம் எதிர்க்காற்று கிளம்பியது. ஜாரட்டின் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து கையுறை நனைந்தது. அறுபதாவது கிலோமீட்டரில் டயர் பஞ்சர். ஒட்டிக் கிளம்பியபோது மூன்றரை. ஐந்து மணிக்கு அமைப்பாளர்கள் போனில் கூப்பிட்டார்கள். மற்ற எல்லோரும் வந்தாயிற்று, பின்தங்கியவர்களை வேனில் ஏற்றிக் கொண்டுவந்துவிடுங்கள் என்றார்கள். சிக்னல் சரியாக இல்லை என்றேன். மூன்று கோடு நன்றாகத் தெரிந்தது.

நிமிடக் கணக்காகவெல்லாம் நான் கடிகாரம் பார்க்கிறவன் அல்ல. ஆனால் அன்று பார்த்தேன். ஹார்ட்வெல்லில் ஓக் தெருவுக்குள் நாங்கள் திரும்பியபோது மணி ஐந்து முப்பத்தேழு. நேரான தெரு, முனையில் கிளப்பின் கொடிக்கம்பம் தெரிந்தது. ஜாரட் அதைப் பார்த்தான். கையை மிதியிலிருந்து எடுத்தான். வண்டி தானாக உருண்டு, தொண்ணூற்றிரண்டாம் எண் வீட்டின் முன்னால் நின்றது.

நான் இறங்கிப் போனேன்.

“ஆணி, பின் கதவத் தெறங்க,” என்றான்.

“என்னடா, கை வலிக்குதா?”

“கை இல்ல. நான் வரல. வண்டிய ஏத்துங்க, வீட்டுக்குப் போலாம்.”

“இன்னும் ஒரே ஒரு தெருடா!”

“அந்தத் தெருதான் முடியாது. எண்பத்திமூணு கிலோமீட்டர் வந்துட்டேன்ல, போதும். விடுங்க.”

முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அவனைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். ரேலீன் சைக்கிளோடு வந்து என் காலைச் சக்கரத்தால் இடித்தாள்.

“நீ வேன்ல ஏறு, ஆணி.” அப்புறம் அவனிடம் குனிந்தாள். “ஒரு தெருவ முழுசா ஓட்டச் சொன்னா எனக்கும்தான் முடியாது. முப்பத்தோரு வருஷத்துல ஒரு தடவகூட ஒரு தெருவ நான் ஓட்டினதில்ல.”

“அப்புறம் என்ன பண்ணீங்க?”

“அடுத்த பெட்டி வரைக்கும் போவேன். அவ்வளவுதான். அது எங்க, தெரியுதா? தொண்ணூறு. ரோஜாச் செடிக்குப் பக்கத்துல.”

அவன் பார்த்தான். பதினைந்து மீட்டர்.

“அது வரைக்கும் போலாம். நிக்கலாம். அங்கேருந்து திரும்பணும்னா திரும்பலாம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

ஜாரட் மிதியைப் பிடித்தான். தொண்ணூறாம் எண் வரை போனார்கள். நின்றார்கள். ரேலீன் வழக்கம்போல இடது காலைப் புல்லில் ஊன்றினாள், பெட்டியின் மூடியைத் தட்டினாள். “எண்பத்தெட்டு,” என்றாள். போனார்கள். நின்றார்கள். மூடியைத் தட்டினாள். எண்பத்தாறு. அந்த வீட்டுக்காரர் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஏதாவது இருக்கா என்று கேட்டார். நாளைக்கு என்றாள்.

நாள் முழுக்க நாங்கள் கேலி செய்த அந்த நிற்கிற கால், நாற்பத்தைந்து பெட்டிகளுக்கு நின்றது. எழுபதாம் எண்ணில் ஜாரட் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தான். அவள் அவசரப்படுத்தவில்லை. ஐம்பத்துநான்கில் அவனே “அடுத்தது” என்றான். முப்பதுக்கு அப்புறம் அவனே மூடிகளைத் தட்ட ஆரம்பித்தான், அவன் உயரத்துக்கு எட்டிய மட்டும். பின்னால் வேனில் உருண்டுகொண்டிருந்த நான் ஒவ்வொரு வீட்டிலும் பிரேக் பிடித்தேன். கண்ணாடி மங்கலாகத் தெரிந்தது. வைப்பர் போட்டேன், தெளியவில்லை.

இரண்டாம் எண் கிளப்பேதான். வாசலில் சாய்தளம். ஜாரட் அதில் ஏறி, திறந்திருந்த கதவில் முன்சக்கரத்தை வைத்த நொடியில் மணி ஆறு.

ஆறு மணிக்குப் படைவீரர் கிளப்பில் என்ன நடக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். விளக்குகள் அணையும். வாசல் கதவுக்கு மேலே ஒரே ஒரு விளக்கு மட்டும் எரியும். பீர் குழாய் நிற்கும், சீட்டாட்டம் நிற்கும், எல்லோரும் எழுந்து அந்த விளக்கைப் பார்த்து நிற்பார்கள். இறந்தவர்களுக்காகச் சில வரிகள், அப்புறம் ஒரு நிமிட மௌனம். அந்த நேரத்தில் யாரும் அசைய மாட்டார்கள். தீப்பிடித்தாலும் நிமிடம் முடியட்டும் என்று நிற்கிற ஆட்கள்.

அன்று விளக்குக்கு நேர் கீழே ஜாரட் இருந்தான்.

பளபளப்புச் சட்டைக்காரர்கள், பார் ஊழியர்கள், கிழவர்கள், எல்லோரும் அவனைப் பார்த்தபடி நின்றார்கள். எல்லோருக்கும் மேலே ஒரு தலை நீட்டிக்கொண்டிருந்தது. அந்த ஆள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். ஆஸ்பத்திரியில் நின்றானே, அதே நிலை. குள்ளன் ஜாரட்டைப் பார்த்தான். ஜாரட் குள்ளனைப் பார்த்தான். ஒருவன் ஓடி வந்திருப்பான், இன்னொருவன் திரும்பிப் போயிருப்பான், வேறு எந்த நிமிடமாக இருந்தாலும். இந்த நிமிடத்தில் இருவருக்கும் அசைய உரிமை இல்லை. பார்க்கத்தான் முடியும். பார்த்தார்கள். அவ்வளவு நீளமான நிமிடத்தை நான் கண்டதில்லை.

விளக்குகள் எரிந்தன. குள்ளன் மேசைகளை இடித்துக்கொண்டு வந்து, ஆறடி நாலங்குலத்தையும் மடக்கி, கைச்சைக்கிளின் முன்னால் குந்தினான்.

“லேட்டுடா,” என்றான்.

“தபால்காரிகூட வந்தேன். எல்லா வீட்லயும் நிக்கிறா.”

ஜாரட் கையுறையைக் கழற்றினான், மறுபடி போட்டான்.

“அன்னைக்கு ஆஸ்பத்திரில சொன்னேன்ல. அப்படியே விட்டிருக்கலாம்னு.”

“ம்.”

“இப்ப அப்படி இல்லடா. நீ இழுத்தது… நல்லதுதான் பண்ணின.”

குள்ளன் தொப்பியைக் கசக்கினான். “நீ என்னா கனம் தெரியுமா? இன்னைக்கும் இடுப்பு புடிச்சுக்குது,” என்று சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் உடைந்துவிட்டது. இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்தார்கள். நான் சுவரில் இருந்த டார்ட் போர்டை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரேலீன் மூக்கைச் சிந்திக்கொண்டு, “பாழாப்போன மாக்பை, கண்ணுல கொத்திருச்சு,” என்றாள்.

அப்புறம் பீர் வந்தது. ஜாரட் கேட்டான். “லெட்டர்ல என்னதான்டா எழுதின?”

“நம்ம டீம் தோத்த கதைதான். வாரா வாரம் தோத்தானுங்க, மாசத்துக்கு ஒரு தடவ சேத்து எழுதினேன். மேட்ச் இல்லாத மாசம் என் நாயப் பத்தி.”

“நாலு வருஷமும் தோத்தானுங்களா?”

“ஒரு மாசம் ஜெயிச்சானுங்க. அந்த லெட்டரும் திரும்பி வந்துருச்சு.”

குள்ளன் வெளியே போய்க் காரிலிருந்து ஒரு பூட்ஸ் பெட்டியை எடுத்து வந்தான். உள்ளே நாற்பத்தொரு நீல உறை, ஒன்றும் பிரிக்காமல். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஜாரட் கையை நீட்டினான். ரேலீன் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“ஞாயித்துக்கெழம டெலிவரி கெடையாது,” என்றாள்.

திங்கட்கிழமை காலை. வீங்கிய முட்டியோடு அவள் வேலைக்கு வர மாட்டாள் என்று நான் கடையில் பந்தயமே கட்டியிருந்தேன். தோற்றேன். பத்து மணிக்கு, ஜாரட்டிடம் விட்டுவந்த என் பம்ப்பைத் திரும்ப வாங்க மார்லி தெருவுக்குப் போனபோது, அவள் பதினைந்து மீட்டர், பதினைந்து மீட்டராக வந்துகொண்டிருந்தாள். பதினான்காம் எண் பெட்டியில் நாற்பத்தொரு உறை நுழையவில்லை. சைக்கிளைச் சாய்த்துவிட்டு வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். மேலே சார்ஜன்ட் தொண்டையைச் செருமியது.

கதவு உடனே திறந்தது. திரைச்சீலை ஒதுங்கியிருந்தது. “தலை!” என்று ஜாரட் கத்த, அவள் குனிய, பறவை இருவருக்கும் மேலே போயிற்று. ஒரு கடிதம்கூடக் கீழே விழவில்லை.

அவன் கடிதக் கட்டை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டான்.

“கையெழுத்துப் போடணுமா?”

“வேணாம், கண்ணு,” என்றாள் ரேலீன். “திருப்பி அனுப்பாம இருந்தாப் போதும்.”